ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு லிபரல் டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போட்டால் அது வீணா?

ஈஸ்ட் ஹாம் வாசி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இங்கே, பிரிட்டனுக்கு, வந்து சில வருடங்கள் ஆகின்றன, இருப்பது கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில், இந்தியக் குடியுரிமைதான். காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம் என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் பதிவு செய்தேன், பெயரும் பட்டியலில் வந்துவிட்டது.

இப்போதுதான் குழப்பம். 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் நிரந்தர வசிப்புரிமைக்கான காலத்தை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக்கப் போகிறோம் என்று லேபர் அரசு சொன்னதிலிருந்து எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது, டோரிகளுக்கு, அதாவது கன்சர்வேடிவ் கட்சிக்கு, போட மனம் வராது, குடியேற்றத்தை எதிர்க்கிற ரிஃபார்ம் கட்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். படித்துப் பார்த்தவரை தனிமனித உரிமை, ஐரோப்பாவோடு நெருக்கம், பராமரிப்பாளர்களுக்கு உதவி என்று லிபரல் டெமாக்ரட்டுகள் பேசுவதுதான் எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் அதே ஆபீஸ் நண்பர், "ஈஸ்ட் ஹாமில் அவர்களுக்குப் போடுவது ஓட்டைக் குப்பையில் போடுவதுதான், இங்கே எப்போதும் லேபர்தான்" என்கிறார்.

உண்மையிலேயே வீணா? இந்தக் கட்சியை நம்பலாமா? இங்கே ரொம்ப நாளாக இருப்பவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

கிங்ஸ்டன் அக்கா

தம்பி, முதலில் பதிவு செய்ததற்கு வாழ்த்து. நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது, பாஸ்போர்ட் மாறினால்தான் ஓட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் லிப் டெம் ஆதரவாளர், தேர்தல் நேரத்தில் வீடு வீடாகத் துண்டறிக்கை போடுகிறவள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கே தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்.பி., அவ்வளவுதான், மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு எங்கேயும் சேராது. இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் கட்சியின் இரண்டு தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019இல் நாடு முழுக்க 11.6 சதவீத ஓட்டு, கிடைத்தது 11 இடம். 2024இல் 12.2 சதவீதம், கிடைத்தது 72 இடம். ஓட்டு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் ஏறியது, இடமோ ஆறு மடங்குக்கும் மேல். டோரி ஓட்டு சரிந்து ரிஃபார்முக்குப் போனது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளில் மட்டும் ஆளையும் பணத்தையும் குவித்தார்கள், மற்ற இடங்களில் பேருக்குத்தான் வேட்பாளர். தென்மேற்கு லண்டனில் ட்விக்கன்ஹாம், ரிச்மண்ட், எங்கள் கிங்ஸ்டன், விம்பிள்டன், சட்டன், கார்ஷல்டன் என்று வரிசையாக ஜெயித்தார்கள். கிழக்கு லண்டன் அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

ஆகவே எம்.பி. தேர்தலில் ஈஸ்ட் ஹாமில் நீங்கள் போடும் லிப் டெம் ஓட்டு ஒரு எம்.பி.யைக் கொண்டுவராது, இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் லண்டன்வாசி. லண்டன் அசெம்பிளி என்று ஒன்று 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, மேயரைக் கேள்வி கேட்கிற அவை. அதில் 25 பேரில் 14 பேர் தொகுதியிலிருந்து வருகிறார்கள், மீதி 11 பேர் லண்டன் முழுக்க விழுந்த கட்சி ஓட்டை வைத்து விகிதாசாரமாக வருகிறார்கள். 5 சதவீதம் தாண்டினால் கட்சிக்கு இடம் கிடைக்கும். அந்தச் சீட்டில் ஈஸ்ட் ஹாம் ஓட்டும் கிங்ஸ்டன் ஓட்டும் ஒரே எடை. இதை யாரும் நம் ஆட்களுக்குச் சொல்வதில்லை, மேயர் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு மற்ற சீட்டுகளை அப்படியே மடித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

நான் ஏன் இந்தக் கட்சி என்றால், பராமரிப்பு விஷயம்தான். வீட்டில் நோயாளியையோ வயதானவரையோ வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு கேரர்ஸ் அலவன்ஸ் என்று ஒரு சின்னத் தொகை வருகிறது. பக்கத்தில் பகுதிநேர வேலை பார்த்து, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்துவிட்டால் போதும், அந்த வாரத்துப் பணம் முழுவதும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது கிடையாது. அது தெரியாமல் கடையில் ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் பார்த்தவர்களிடம் பிறகு ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். இதை நாடாளுமன்றத்தில் விடாமல் பிடித்தவர்களில் எங்கள் கட்சியின் எட் டேவி முக்கியமானவர், அவரே மாற்றுத்திறனாளி மகனைப் பார்த்துக்கொள்கிற தகப்பன். 2025 ஏப்ரலில் அந்த வரம்பை 151 பவுண்டிலிருந்து 196 பவுண்டாக உயர்த்தினார்கள். உயர்த்தியது லேபர் அரசுதான், ஆனால் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் மாமியாரைப் பார்த்துக்கொண்டே சூப்பர் மார்க்கெட் கல்லாவில் வேலை செய்கிற பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள், அவர்களுக்கு இது கொள்கை விளக்கம் இல்லை, வார வாடகை.

---

ஹாரோ தமிழன்

அக்கா சொன்ன எண்ணிக்கையெல்லாம் சரி. ஆனால் "நம்பலாமா" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

2010 தேர்தலுக்கு முன் லிப் டெம் வேட்பாளர்கள் கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம், உயர்த்தினால் எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய கட்சித் தலைவர் நிக் கிளெக் உட்பட. 57 இடம் ஜெயித்து டோரிகளோடு கூட்டணி ஆட்சியில் உட்கார்ந்தார்கள், அந்த வருட டிசம்பரிலேயே கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக்கும் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை 3,000 சொச்சம். 2012இல் சேர்ந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கடன் சம்பளத்திலிருந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கட்சியிலேயே பலர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், அது உண்மை, ஆனால் மந்திரிகள் ஆதரித்துத்தான் போட்டார்கள். எட் டேவியும் அந்த ஆட்சியில் எரிசக்தித் துறை மந்திரியாக இருந்தவர். மக்கள் 2015இல் கணக்கைத் தீர்த்தார்கள், 57 இடம் 8 ஆனது.

கட்சி வேறு, லிபரல் சிந்தனை வேறு என்றுதான் நான் பார்க்கிறேன். இந்த நாட்டில் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் என்று 1908இல் சட்டம் போட்டது லிபரல் அரசு. பணக்காரர் மேல் வரி போட்டு அதற்குப் பணம் திரட்ட நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909இல் கொண்டுவந்த பட்ஜெட்டைப் பிரபுக்கள் சபை தடுத்தது, அந்தச் சண்டையின் முடிவில்தான் 1911 சட்டம் வந்து பிரபுக்கள் சபையின் கையைக் கட்டியது. 1942இல் வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை என்று ஐந்து பூதங்களை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதிய பெவரிட்ஜ் ஒரு லிபரல். அதைச் செய்து காட்டியது லேபர். என்எச்எஸ் என்கிற பொது மருத்துவச் சேவை வந்தது அந்த வழியில்தான். வெள்ளைக்காரர் நாட்டில் 1892லேயே தாதாபாய் நவுரோஜியை ஃபின்ஸ்பரியில் நிறுத்தி எம்.பி. ஆக்கியதும் லிபரல்கள்தான், ஒற்றை இலக்க ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்த மரபு எனக்குப் பிடிக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 2010லிருந்து 2015 வரை நூலகத்தையும் இளைஞர் மையத்தையும் மூடவைத்த சிக்கனக் கொள்கைக்குத் தலையாட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் என்ன செய்கிறேன் என்றால், தொகுதியில் யார் ரிஃபார்மையோ டோரியையோ தோற்கடிக்க முடியுமோ அவருக்குப் போடுகிறேன். அழகான வழி இல்லைதான். ஆனால் நம் ஐஎல்ஆரில், அதாவது நிரந்தர வசிப்புரிமையில், கை வைப்போம் என்று சொல்கிறவர்கள் ஜெயிக்கக்கூடாது என்பது எனக்கு எல்லாவற்றுக்கும் முந்திய விஷயம்.

---

ஈஸ்ட் ஹாம் வாசி

இருவருக்கும் நன்றி, லண்டன் அசெம்பிளி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இடையில் இரண்டு சின்னக் கேள்வி. என் மனைவி டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறார், அவரும் பதிவு செய்யலாமா? அப்புறம், வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கிறார்களாமே, இந்திய பாஸ்போர்ட் செல்லுமா?

---

பதிவுப் பொறுப்பாளர்

செய்யலாம். இங்கே தங்கச் செல்லுபடியாகும் அனுமதி இருக்கிற காமன்வெல்த் குடிமக்கள் எந்த விசாவில் இருந்தாலும் பதிவு செய்யலாம், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடங்கும். அரசு இணையதளத்தில் சில நிமிட வேலை, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்னால் பதிவை முடித்திருக்க வேண்டும்.

அடையாள அட்டை 2022 தேர்தல் சட்டத்தில் வந்தது, 2023 மே உள்ளாட்சித் தேர்தலில்தான் இங்கிலாந்தில் முதலில் கேட்டார்கள். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் செல்லும். தேதி முடிந்திருந்தாலும் படத்தில் உங்கள் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். எதுவும் இல்லாதவர்களுக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தபால் ஓட்டு போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டத்தில் முதியோர் பஸ் பாஸை ஏற்றுக்கொண்டவர்கள் இளைஞர்களின் ரயில் கார்டை ஏற்கவில்லை, அது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே சட்டத்தில்தான் லண்டன் மேயர் தேர்தலில் இருந்த இரண்டாம் விருப்ப ஓட்டையும் எடுத்துவிட்டார்கள். முன்பு மனசுக்குப் பிடித்தவருக்கு முதல் ஓட்டு, ஜெயிக்கக்கூடியவருக்கு இரண்டாவது என்று போட முடிந்தது. 2024 மேயர் தேர்தலில் அந்த வசதி இல்லை.

---

கிளாஸ்கோ ரவி

நான் வடக்கிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் இருந்தவரை நானும் இந்த "வீண் ஓட்டு" பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன். ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகு அந்தப் பேச்சே காதில் விழவில்லை, காரணம் இங்கே கவுன்சில் தேர்தலில் 2007இலிருந்து வரிசை எண் போடுகிற முறை. ஒரு வார்டில் பெரும்பாலும் 3 அல்லது 4 கவுன்சிலர்கள். வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று நமக்குப் பிடித்த வரிசையில் எண் போட வேண்டும், பெருக்கல் குறி கிடையாது. என் முதல் ஆள் தோற்றுவிட்டால் என் ஓட்டு இரண்டாவது ஆளுக்குப் போகிறது. முதல் ஆள் தேவைக்கு மேல் வாங்கிவிட்டால் மிச்சத்தில் ஒரு பங்கு அடுத்தவருக்குப் போகிறது. எண்ணுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், போடுவது குழந்தை வேலை.

இதனால் நடைமுறையில் என்ன வித்தியாசம் என்றால், எங்கள் வார்டில் வெவ்வேறு கட்சிக் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். படிக்கட்டு விளக்கு எரியவில்லை, குப்பைத்தொட்டி எடுக்கவில்லை என்றால் ஒருவர் பதில் தராவிட்டால் அடுத்த கட்சிக்காரருக்கு எழுதுவேன், அவர் ஓடி வருவார், ஏனென்றால் என்னுடைய இரண்டாம் எண்ணாவது அவருக்கு வேண்டும். ஈஸ்ட் ஹாம் இருக்கிற உங்கள் நியூஹாமில் 2018இல் கவுன்சிலின் 60 இடத்தில் 60ஐயும் லேபர்தான் ஜெயித்தது. மொத்த மக்களும் ஒரே கட்சிக்கா போட்டார்கள்? இல்லவே இல்லை. எதிர்க்கட்சியில் ஒரு ஆள்கூட இல்லாத கவுன்சிலில் பட்ஜெட்டை யார் கேள்வி கேட்பது? லேபர் நல்ல கட்சியா கெட்ட கட்சியா என்பது பேச்சே இல்லை, எந்தக் கட்சியானாலும் அப்படி உட்காரக்கூடாது.

இந்த மாற்றத்தை இங்கே சாத்தியமாக்கியது ஸ்காட்லாந்தில் லேபரும் லிப் டெமும் சேர்ந்து நடத்திய ஆட்சிதான், அதற்கான சட்டம் 2004இல் வந்தது. கூட்டணியில் சேரும்போதே லிப் டெம் அதைப் பேரமாக வாங்கியது. வெஸ்ட்மின்ஸ்டர் கூட்டணியில் 2010இல் அதே கட்சி வாங்கி வந்தது மாற்று ஓட்டு முறை (வரிசை எண் போடலாம், ஆனால் தொகுதிக்கு ஒரே எம்.பி.தான்) மேல் நாடு முழுக்க ஒரு பொது வாக்கெடுப்பு மட்டும்தான். அது விகிதாசார முறையே கிடையாது. 2011 மே மாதம் நடந்தது, கட்டணக் கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம், 67.9 சதவீதம் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகு பல வருடம் "மக்கள்தான் சொல்லிவிட்டார்களே" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஹாரோ நண்பருக்குக் கட்டணத்தில் கோபம், எனக்கு இதில்தான் கோபம்.

---

ஹாரோ தமிழன்

ரவி அண்ணா, எல்லாம் சரி, ஒன்று மட்டும் யோசியுங்கள். 2024இல் ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 இடத்தோடு நின்றது. நீங்கள் சொல்கிற முறை இருந்திருந்தால் 90 இடம் பக்கம் வந்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா?

---

கிங்ஸ்டன் அக்கா

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் துண்டறிக்கை கொடுக்கப் போகும்போது நம் ஆட்கள் வீட்டில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஆமாம், வந்திருப்பார்கள். 14 பேர் நூற்றுக்கு ஓட்டுப் போட்டால் அந்த 14 பேருக்கும் நாடாளுமன்றத்தில் குரல் இருக்க வேண்டும், எனக்குப் பிடிக்காத குரலானாலும். எனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் நியாயம் கேட்டால் நான் லிபரல் இல்லை. 1983இல் லிபரல் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கியபோது 23 இடம், லேபர் 27.6க்கு 209 இடம். அன்றைக்கு அது அநியாயம் என்றால் இதுவும் அநியாயம்தான்.

ஆனால் உங்கள் பயத்துக்கு வேறு பதிலும் இருக்கிறது. இப்போதைய முறை ரிஃபார்மைத் தடுக்கிற சுவர் என்று நினைக்கிறீர்கள். 2024இல் லேபர் வாங்கியது 33.7 சதவீதம், கிடைத்தது 411 இடம், 650இல். மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்றம். நாளைக்கு அதே முப்பத்துச் சொச்சம் சதவீதத்தை ரிஃபார்ம் வாங்கிவிட்டால்? கூட்டணி தேவையில்லை, யாரையும் கேட்க வேண்டாம், எழுதி வைத்த அரசியல் சட்டம் ஒன்றாக இந்த நாட்டில் கிடையாது, சாதாரண பெரும்பான்மையில் மனித உரிமைச் சட்டத்தையே நீக்கிவிடலாம். நம் ஐஎல்ஆர் அப்போது எங்கே நிற்கும்? விகிதாசார முறையில் அவர்களுக்கு அதே ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான், மீதி இரண்டு பங்கு எதிரே உட்கார்ந்திருக்கும். சிறுபான்மையாக இருக்கிற நமக்கு எது பாதுகாப்பு என்று நிதானமாக யோசியுங்கள்.

கட்டண விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது, நான் வாதாடப் போவதில்லை. கூட்டணியில் நல்லதும் நடந்தது. தேசிய அடையாள அட்டைத் திட்டத்தை ரத்து செய்தார்கள், வருமானவரி இல்லாத வரம்பு 10,000 பவுண்டு வரை ஏறியது, ஒரே பாலினத் திருமணச் சட்டம் 2013இல் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை மீறினால் மற்றது எதுவும் மக்கள் கண்ணுக்குத் தெரியாது, அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கட்சியிலேயே 72 இடம் வந்த பிறகு சிலர் இந்தப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். 12.2 சதவீத ஓட்டுக்கு 11 சதவீத இடம் கிடைத்துவிட்டது, நமக்கென்ன குறை என்கிற நினைப்பு. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2024 டிசம்பரில் எங்கள் கட்சி எம்.பி. சாரா ஓல்னி கொண்டுவந்த விகிதாசார மசோதாவுக்கு அனுமதி கேட்டபோது 138க்கு 136 என்று ஜெயித்தது, லேபர் எம்.பி.க்கள் பலரும் சேர்ந்துதான். அரசு நேரம் ஒதுக்காததால் அது அதற்கு மேல் நகரவில்லை. உங்கள் லேபர் எம்.பி.யிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான், தம்பி. லேபர் கோட்டையில் இருக்கிறவர்கள் எழுதுகிற கடிதத்துக்குத்தான் இந்த விஷயத்தில் மதிப்பு, நான் எழுதினால் "லிப் டெம்காரி, வேறென்ன சொல்வாள்" என்று விட்டுவிடுவார்கள்.

---

கிளாஸ்கோ ரவி

அக்காவோடு ஒத்துப்போகிறேன். வேல்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் அவையை 96 பேராக்கி, 16 தொகுதி, தொகுதிக்கு 6 பேர் என்று முழு விகிதாசாரத்துக்கு மாற்றச் சட்டம் போட்டுவிட்டார்கள். வட அயர்லாந்தில் அவைத் தேர்தலுக்கு வரிசை எண் முறைதான். ஆக இந்த நாட்டில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமும் இங்கிலாந்து, வேல்ஸ் கவுன்சில்களும்தான் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டிஷ்காரர்களுக்கு இது புரியாது, சிக்கலான முறை என்று சொல்கிறவர்களை எங்கள் கட்டடத்து 80 வயது பாட்டியிடம் அனுப்புங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வேட்பாளருக்கும் எண் போட்டுவிட்டுத்தான் வருவார்.

---

ஈஸ்ட் ஹாம் வாசி

எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் அசெம்பிளிக்கு லிப் டெம், அதில் சந்தேகம் இல்லை. கவுன்சிலுக்கு, எங்கள் வார்டில் லேபரைக் கேள்வி கேட்கக்கூடியவர் யார் என்று வேட்பாளர்களைப் பார்த்துத்தான் போடுவேன், எந்தக் கட்சியானாலும். எம்.பி. ஓட்டைப் பற்றி ஹாரோ நண்பர் சொன்னதும் அக்கா சொன்னதும் இரண்டும் மனதில் இருக்கிறது, அந்த நேரத்தில் ரிஃபார்ம் இங்கே எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மனைவியின் பதிவை இன்று மாலையே முடித்துவிடுகிறோம். எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் ஐஎல்ஆர், விகிதாசாரம் இரண்டையும் சேர்த்து எழுதலாமா, இல்லை தனித்தனியாக எழுதினால்தான் பதில் வருமா?

---

கிங்ஸ்டன் அக்கா

தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ஐஎல்ஆருக்கு மட்டும் ஒரு அச்சுப் பதில் வரும், மற்றதைத் தொடமாட்டார்கள். முழு முகவரியும் போஸ்ட்கோடும் கட்டாயம் போடுங்கள், தொகுதிவாசி என்று தெரியாவிட்டால் பெரும்பாலும் பதில் தரமாட்டார்கள். உங்கள் சொந்த நிலைமையை, எந்த வருடம் வந்தீர்கள், என்ன வேலை, 10 வருடமானால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை, முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.